சேனல் ஒன்று

கூவத்துக்கு மூக்கு பழகிவிட்டது.
நேப்பியர் பாலம் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறட்டும் என்று
முக்காலியை விட்டு நாலடி தள்ளி நின்றேன்,
கையில் ரிச்சி தெரு ரிமோட்,
பேரம் பேசி எழுநூற்றி இருபது.

நான் அழுத்தவில்லை.
கேமரா தானே எடுத்தது.
தூசியா, பேட்டரியா என்று
லென்ஸ் முன்னால் போய்க் குனிந்தேன்.
மறுபடியும் கிளிக்.

கைப்பிடிச் சுவரோரம், முப்பதடிக்கு அப்பால்,
இன்னொரு முக்காலி. ஒரு பெண்.
அவள் கட்டைவிரல் அசைய
என்னுடையதும் கண் சிமிட்டுகிறது.
அதே கடை போலிருக்கிறது. அதே சேனல்.

கத்திச் சொல்லியிருக்கலாம்.
ஒருதரம் அழுத்தினேன்.
திடுக்கிட்டுத் தன் கேமராவைப் பார்த்தாள்,
பிறகு ரிமோட்டை, பிறகு கடற்கரைப் பக்கம்.

பாலம் சுமாராகத்தான் விழுந்திருந்தது.
அவள் எடுத்த ஒன்றில் மட்டும்
என் மூக்கு, பெரிதாக,
பச்சையில்.