ஒப்புதல்

செத்தூபல் நகரக் குடிநீர் வாரியத்தில்
மன்னிப்புக் கேட்பதற்கென்றே ஓர் அறை இருந்தது.
ஆறு நாற்காலி, ஒரு ஜன்னல்.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சாடோ ஆறு கடலில் கலக்கும்.
த்ரோயாவுக்குப் போகும் படகு
அரைமணிக்கொருமுறை ஊளையிடும்.

குழாய் வெடித்தால், கட்டணம் தப்பாக ஏறினால்,
சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் நின்றால்
ஜனங்கள் எழுதுவார்கள்.
நாங்கள் வருந்துவோம்.
எல்லோரும் சம்பளத்துக்கு வருந்த
யொலாந்தா மட்டும் நிஜமாகவே வருந்துவாள்,
பேனா மூடியைக் கடித்தபடி
கடிதத்துக்கு முக்கால் மணி நேரம்.
மேலாளர் எர்மீனியு அவளுடைய வேகத்தைச்
சிவப்புக் கோடாக வரைந்து சுவரில் மாட்டியிருந்தார்.

போன மார்ச்சில் மென்பொருள் வந்தது.
பதினெட்டு வருடக் கடிதங்களை அதற்கு ஊட்டினார்கள்.
சனி ஞாயிறுக்குள் தின்று முடித்துத்
திங்கட்கிழமை காலை
எங்களைவிடப் பணிவாக இருந்தது.

ஆறு நாற்காலி மூன்றாயிற்று.
இப்போது யாரும் எழுதுவதில்லை.
திரையில் கடிதம் வரும், அடியில் பச்சைப் பொத்தான்:
ஒப்புதல்.
முதல் வாரம் வரிவரியாகப் படித்தேன்.
அடுத்த வாரம் முதல் வரியும் கடைசி வரியும்.
அதற்கப்புறம் ஒப்புக்கு.

மே மாதவாக்கில் யொலாந்தாதான் கண்டுபிடித்தாள்,
திட்டுகிறவர்களும் இப்போது தாமாகத் திட்டுவதில்லை என்று.
கோபம்கூடப் பத்தி பிரித்து, துணைத்தலைப்பு போட்டு வந்தது.
"ஒரு மெஷின் திட்டுது, இன்னொண்ணு கும்பிடுது,
நடுவுல நாம எதுக்கு, குஸ்தோதியு?"
"அமுக்க விரல் வேணுமே" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

பிறகு அந்த வாக்கியம்.
'அன்றிரவு நீங்கள் குழாயைத் திறந்துவைத்துக்
காத்திருந்ததை நாங்கள் அறியவில்லை.
அறிந்திருக்க வேண்டும்.'
இரண்டாயிரத்துப் பதினொன்றில் அவள் எழுதியது.
ஒரே ஒருவருக்கு.
பிள்ளை பெற்ற மகளை உள்ளே படுக்கவைத்துவிட்டு
விடியும்வரை வெறுங்குழாயின் மூச்சைக்
கேட்டுக்கொண்டிருந்த மீன்பெட்டித் தொழிலாளிக்கு.

இப்போது அது ஊருக்கே போனது.
கார் கழுவ முடியாதவருக்கு,
நீச்சல்குளம் பாதியில் நின்றவருக்கு,
மதியம் தண்ணீர் நின்ற தெருவுக்கும்
'அன்றிரவு'.
போய்ச் சண்டை போட்டாள்.
எர்மீனியு சொன்னார்:
"திருப்தி மதிப்பெண் அந்த வரிக்குத்தான் அதிகம்.
உங்களுக்குப் பெருமைதானே?"

செப்டம்பரில் ஒருநாள் பகல் முழுக்க
அவள் வீட்டிலேயே தண்ணீரில்லை.
வாரியத்தில் வேலை என்று சொல்லிக்கொள்ளாமல்
எல்லோரையும் போல எழுதிப் போட்டாள்.
பதிலை அச்செடுத்து, நாலாக மடித்து,
அலுவலகத்துக்கே கொண்டுவந்தாள்.
மேசையில் விரித்து உள்ளங்கையால் நீவினாள்.
அன்றிரவு நீங்கள் குழாயைத் திறந்துவைத்து.

"என் வரின்னு தெரியுது.
நின்னது பகல்லன்னும் தெரியுது.
ஆனாலும் படிச்சப்போ கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு பாரு,
அதத்தான் தாங்க முடியல."

அவள் காப்பி எடுக்கப் போனதும்
பதிவேட்டைத் திறந்து தேடினேன்.
செவ்வாய், பதினொன்று நாற்பத்திரண்டு.
ஒப்புதல் அளித்தவர்: நான்.
கடிதம் திரையில் இருந்த நேரம்: இரண்டு நொடி.
அவள் பெயர் மேலேயே இருந்திருக்கிறது,
முகவரியோடு.

இரண்டு கோப்பையோடு வந்தாள்.
ஒன்றை என் பக்கம் தள்ளினாள், சர்க்கரை போடாமல்,
எனக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியும்.
ஒப்புக்கொண்டிருக்கலாம்.
வாயைத் திறந்தேன்.
'ஆழ்ந்த வருத்தத்துடன்' என்றுதான் வரப்பார்த்தது.
மூடிக்கொண்டேன்.

படகு ஊளையிட்டது.
திரையில் அடுத்த கடிதம்.
யாரோ பெனெதித்தா, நான்காவது மாடி,
தண்ணீரில் துரு.
முழுதும் படித்தேன்.
எண்பத்தொரு நொடி.
அதற்குள் பின்னால்
பதினாலு பேர் சேர்ந்துவிட்டார்கள்.