தாள் நாற்பத்தொன்று, பின்பக்கம்

வூஸ்டரில் மழை.
வாசிப்பறையில் பென்சில் மட்டும் அனுமதி.

மேற்றிராணியாரின் எழுத்தன் அவசரக்காரன்,
பாதி லத்தீன், பாதி சுழி:
பங்குச்சாமி பூசைக் கிண்ணத்தை அடகு வைத்தார்.
கல்லறைகளுக்கு நடுவே வாத்து மேய்க்கிறார்.
அவிசா, தையற்காரன் பெண்டாட்டி,
நடுப்பூசையில் சிரித்தாள்.

எதற்கென்று எழுதவில்லை.

அந்த ஊரில் அப்போது
பிறப்புக்கோ கல்யாணத்துக்கோ சாவுக்கோ
ஏடு கிடையாது.
கோள் சொன்னவன் எவனோ, அவனுக்கு நன்றி.
அவன் வாயை மூடியிருந்தால்
அவிசா பிறக்கவே இல்லை.

கீழே தண்டனை:
மூன்று ஞாயிறு, வெறுங்கால், கையில் மெழுகுத்திரி, பிறகு
தோலில் ஓர் ஓட்டை.
ஆடு உயிரோடிருக்கையில் ஏதோ பூச்சி கடித்தது.
பேனா அதைச் சுற்றிக்கொண்டு
வாத்துகளிடமே திரும்பிவிட்டது.

காப்பாளர் ஹெஸ்கெத்
கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்க்கிறார்.

சத்தமாகவா சிரித்தேன்?