எலி தின்ற மாநிலம்

மோன்டானாவில் பனி வடிந்த மறுநாள்
எழுபத்தாறாம் வருட டிரெய்லரின்
தார்ப்பாயை உருவினார்கள்.
டயர்கள் பார்வைக்குப் புதுசு;
பக்கவாட்டு எண்ணைத் துடைத்துப் படித்தால்
பதினோரு வயது.

கேஸ் மூட்டில் சோப்பு நுரை தடவி
மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள் டெல்ஃபின்.
ஒரு குமிழிகூட இல்லை.

"பிரேக்கை மிதி!"
பின்னால் நின்று கத்தினான் ஓரின்.
வலது சிவந்தது. இடது கல்லுளிமங்கன்.
வயரைத் தேடிப் பலகையைக் கழற்ற
உள்ளே எலிக்கூடு:
பஞ்சு, திரைச்சீலை நூல்,
போன பயணத்துச் சண்டையில்
அவள் வீசியெறிந்த சாலை வரைபடம்.
மினசோட்டா முழுக்கக் காலி.

அங்கேதான் வண்டியைத் திருப்பினார்கள் அப்போது.
ஆயிரம் மைல், ஒரு வார்த்தையில்லாமல்.

வயரை முறுக்கி டேப் சுற்றினான்.
முன்னாலிருந்து, "இப்போ?"
"எரியுது."
மிதித்த காலை
அவள் எடுக்கவில்லை.