முப்பத்தேழாம் நம்பர்

கொடிசியா வாசலில்
கழுத்தில் ஒரு அட்டை மாட்டிவிட்டார்கள்:
பெயர் கோகிலாமணி. ஊர் திருப்பூர்.
கீழே கொட்டை எழுத்தில், கலெக்டர்.

வீட்டில் சொன்னது ஓவர்டைம்.
கைப்பையில் இருந்தது
பப்பிள்கம் வாசம் எப்போதோ போய்விட்ட
ஐம்பத்தொன்பது கிரிக்கெட் அட்டைகள்,
குழந்தை ஜட்டி பேக் செய்கிற பாலிதீன் கவரில்.

உள்ளே போனால்,
ஏனுங், இத்தனை பேரா!
ஹால் முழுக்க மேசை, மேசை முழுக்க முகம்,
முகத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் சட்டை.
ஆஸ்பத்திரிக் குளிர். தேர்க்கடைச் சத்தம்.
மீசை நரைத்த ஒருவரும்
மீசை முளைக்காத ஒருவனும்
"ரெண்டு தர்றேன், அந்த ஒண்ணக் குடு" என்று
சரிக்குச் சரி மல்லுக்கு நிற்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்.
பனியனை விளக்குக்கு நேரே விரித்து
குறை கண்ட இடத்தில்
சிவப்பு அம்பு ஒட்டுவது.
நாளைக்கு எழுநூறு பீஸ்.
பதினான்காம் மேசையில்
அதே வேலையை ஒருவர் கோட்டுப் போட்டுச் செய்கிறார்.
லென்ஸ் வைத்து மூலை பார்க்கிறார்,
ஓரத்து வெள்ளை இடமும் வலமும் ஒன்றா என்று அளக்கிறார்,
பத்துக்கு ஒன்பது போட்டு
பெட்டிக்குள் அடைத்து சீல் வைக்கிறார்.
கூலி எவ்வளவுங்க?
அட்டைக்கு ஆயிரத்து இருநூறு.
காலுக்கடியில் தரை
சித்தெ நகர்ந்தது.

பக்கத்து மேசையில் நெரிசல்.
பந்து வீசுகிறவர் ஒருவர்,
கீழே இன்னொருவர் பேர்.
அச்சுப் பிழை, அதனால் நாற்பதாயிரம்.
பிழையில்லாத அதே அட்டை நானூறு.
"தப்பா இருந்தாத்தான் மவுசுக்கா" என்றான் கடைப்பையன்.
போன மாசம்
முதுகில் எழுத்து கோணிய ரெண்டாயிரம் பீஸ்
எடைக்குப் போனது காதர்பேட்டைக்கு.
பிரிண்டிங் மாரப்பனுக்கு
அன்றைக்கே கணக்கு முடித்தார்கள்.
அவனைக் கூட்டி வந்து
இந்தக் கண்ணாடிக்கு முன்னால்
கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கவேண்டும்.

கடைசி வரிசை, கழிப்பறைக்குப் போகிற வழி.
மேசை கிடைக்காத கோபி சென்னியப்பன்
தரையில் பரப்பிய செருப்புப் பெட்டிகள்.
எது எடுத்தாலும் அஞ்சு ரூபா.
குந்தி உட்கார்ந்தேன்.
பீஸ் புரட்டுகிற கை, தானாக ஓடியது.
நாலாவது பெட்டியின் அடியில்

முப்பத்தேழு.

மாற்று விக்கெட் கீப்பர்.
மூன்றே ஆட்டம், பதினோரு ரன்.
ஆறாம் வகுப்பில் எல்லாருக்கும் வந்து
எல்லாரும் தூக்கிப் போட்டு
எனக்கு மட்டும் வராமலே போனவர்.
வாய் லேசாகத் திறந்திருக்க
யாரோ கூப்பிட்ட பக்கம்
திரும்பிக்கொண்டிருக்கிறார்.

"அது கெடக்குதுங், சும்மா எடுத்துட்டுப் போங்க"
என்றார் சென்னியப்பன்.
ஏனோ கோபம் வந்துவிட்டது எனக்கு.
"வெலையச் சொல்லுங்க."
"அஞ்சுதானுங்க."
"பில்லு?"
சிரித்துக்கொண்டே
டீக்கறை படிந்த நோட்டில் கிழித்து எழுதினார்:
கார்டு, ஒன்று, ரூபாய் ஐந்து மட்டும்.
விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று
நான்தான் எழுதச் சொன்னேன்.

விளக்குக்கு நேரே பிடித்தேன். பழக்கம்.
இடது ஓரம் அகலம்.
நீலம் கசிந்திருக்கிறது.
மூலையில் யாரோ கடித்த பல்தடம்.
அம்பு ஒட்ட மூன்று இடம்.
சுருள் பையில்தான் இருந்தது.
இருக்கட்டும்.

ஹோப் காலேஜில் ஏறிய பஸ்ஸில்
உட்கார இடமில்லை.
கண்டக்டர் சில்லறை எண்ணியபடி
என் கழுத்தைப் படித்தார்.
"கலெக்டருங்களா?"

"ஆமாங்க.
திருப்பூர் ஒண்ணு."