இருபத்தாறு சென்டிமீட்டர்

திறந்துதான் இருக்கு என்கிறார் தார்வோ.
வேன் கண்ணாடியை இறக்கி
போனை என் மூக்குக்கு நேரே நீட்டுகிறார்.
பச்சை எழுத்து. இருபத்தாறு சென்டிமீட்டர்.
வோர்ம்சி தீவுக்கு, உறைந்த கடல்மேல், வண்டி போகலாம்.

காலை ஆறு மணிக்குப் பாதையை மூடியவள் நான்.
தடுப்புக் கட்டையில் கை வைத்தபடி
அப்போதிலிருந்து இங்கேதான் நிற்கிறேன்.
பக்கத்தில் எண்ணை மாற்றியதும் நானே,
கையுறையைப் பல்லால் கழற்றி.

"அப்போ இது பொய் சொல்லுதா?"

பொய்யில்லை.
நேற்று பார்த்ததைப் பத்திரமாக முடிந்து வைத்திருக்கிறது.
மறுபடி கேட்டால்
எதற்கு அவ்வளவு தூரம் போவானேன் என்று
மடியிலிருந்தே அவிழ்த்துக் கொடுக்கிறது.

விரலால் திரையைக் கீழே இழுக்கிறார்.
சின்ன வட்டம் சுழல்கிறது,
எங்கேயோ போய் வந்த மாதிரி மூச்சு வாங்கி
அதே பச்சை.
மறுபடி இழுக்கிறார். பச்சை.
மூன்றாம் முறை என்னைப் பார்க்கிறார்,
வழக்கில் ஜெயித்தவர் போல.

வேனில் ஈஸ்ட் பெட்டிகள், தீவின் பேக்கரிக்கு.
ஒரு வாஷிங் மெஷின்.
லேலோவின் மகளுக்கு ஸ்கேட் காலணி.
சீட் பெல்ட்டை ஏற்கெனவே கழற்றிவிட்டிருக்கிறார்.
இந்தப் பாதையில் எல்லோரும் அப்படித்தான்:
உடைந்தால் குதிக்க வேண்டுமே.

சாவடிக்குள் என் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுகிறேன்.
கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர்.
மூன்றையும் சேர்த்து அமுக்கினால்
மடியைத் தடவாமல் நேரே போய்க் கேட்டு வரும்.
வந்தது. சிவப்பு.

"உங்க கம்ப்யூட்டர் உங்க பேச்சைத்தானே கேட்கும்."

சரி, போனைக் கொடுங்கள்.
அமைப்புகளுக்குள் போய்
சேமித்து வைத்ததை அழிக்கவா என்று அது கேட்கிற இடத்தில்
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.
"போட்டோ போயிடுமா?"
போகாது.
"நாய் இருக்கு அதுல. போன மாசம்..."
போகாது, தார்வோ.

அழித்தேன்.
சிக்னல் ஒரே ஒரு கோடு.
திரை வெள்ளையாகவே நின்றது வெகுநேரம்,
சன்னலுக்கு வெளியே கடலும்.
அப்புறம் மெதுவாக, மேலிருந்து கீழாக:
பத்தொன்பது. மூடப்பட்டுள்ளது.

அவர் அதைப் படிக்கவில்லை.
முதலில் நாய் இருக்கிறதா என்று பார்த்தார்.
இருந்தது, வாயில் ஒரு பந்தோடு.
பிறகுதான் எண்ணுக்கு வந்தார்.

"இது எத்தனை மணிக்கு எடுத்தது?"
ஆறுக்கு.
"இப்போ பதினொண்ணு."

சாவடிக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.
எவ்வளவு நேரமாகச் சொட்டுகிறது, தெரியவில்லை.

துளைக்கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு
இடுப்பில் கயிறு கட்டி இறங்கினேன்.
மறுமுனை அவர் கையில்.
முதல் குறிக்கொம்பு தாண்டி, இரண்டாவதில் துளையிட்டேன்.
கறுப்பாக நீர் ஏறி வந்து
என் பூட்ஸைச் சுற்றி நின்றது.

"எவ்வளவு?" என்று கரையிலிருந்து கத்தினார்.
சொன்னேன். காற்று தின்றுவிட்டது.
விரல்களைத் தூக்கிக் காட்டினேன்:
பத்து, பிறகு ஏழு.

கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டு
அவரும் கைகளைத் தூக்கினார்,
பத்து, பிறகு ஏழு,
சரிதானா என்பது போல.