அலகு மூன்று

பாடத்திட்டக் குழு கூடியது
பணகுடிக்குத் தெற்கே, ஆனிமாதக் காற்றில்.
முதல் தீர்மானம் ஜன்னலைச் சாத்துவது.
தாள்கள் பறந்துகொண்டிருந்தன.

ஒரு பாடத்துக்கு நாற்பத்தைந்து மணி நேரம்.
ஐந்து அலகு. அலகுக்கு ஒன்பது.
யார் வகுத்த பங்கோ தெரியாது,
டிரான்ஸ்பார்மருக்கும் ஒன்பது
இடிதாங்கிக்கும் ஒன்பது.

மூன்றாம் அலகில்
நான் படிக்கும்போதே பழசாகிவிட்ட ஒரு மோட்டார்.
எடுத்துவிடலாம் என்றேன்.
"எடுத்துட்டு லேபை என்ன செய்ய?
ஸ்டாக் ரெஜிஸ்டர்ல பன்னிரண்டு நிக்கே" என்றார்
துறைத்தலைவர் ஆவுடைநாயகம்.
அந்தப் பன்னிரண்டு இரும்புக்காக
வருடம் அறுபது பேர்
அதன் படத்தை வரைகிறார்கள்,
பென்சிலில், பாகங்களைக் குறித்து.

தொழில்துறை உறுப்பினர் கோயில்பிச்சை
தாமதமாக வந்தார். எங்கள் பழைய மாணவர்,
ஏழு அரியர் வைத்தவர்.
இப்போது நாற்பது காற்றாலை அவர் பொறுப்பில்.
மிக்சர் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னார்:
"ஃபார்முலா எல்லாம் சரியாத்தான் சொல்லுதாங்க மேடம்.
மேல ஏறுனதும் ஸ்பேனரை எடுத்துருதாங்க.
ஒரு நிமிசம் சும்மா நின்னு
பேரிங் என்ன சத்தம் போடுதுன்னு
கேக்க மாட்டேங்காங்க.
மீட்டர் காட்டுததுக்கு மூணு நாள் முந்தியே
அது சொல்லிரும்லா."

யாரும் எழுதவில்லை. நான் எழுதினேன்.

கற்றல் விளைவுகளுக்கென்று
ஒரு வினைச்சொல் பட்டியல் தந்திருக்கிறார்கள்.
வரையறு, விளக்கு, கணக்கிடு,
ஒப்பிடு, பகுத்தாராய், வடிவமை.
இரண்டு பக்கமும் தேடினேன்.
கேள் இல்லை.
காது கொடுக்கும் கேளும் இல்லை
கை தூக்கும் கேளும் இல்லை.

அலகு மூன்றின் அடியில் சேர்த்தேன்:
ஓடும் இயந்திரத்தை மாணவர் கேட்பர்.
இரண்டு மணி நேரம்.

வெளியூர் நிபுணர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
"இதற்கு மார்க் எப்படிப் போடுவீர்கள், சேர்மக்கனி?"
தெரியவில்லை என்றேன்.
அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்
என்று என் கையாலேயே எழுதவைத்தார்கள்.
பிறகு பயணப்படி படிவம் சுற்றுக்கு வந்தது.

நாங்குநேரி தாண்டியதும்
பஸ்ஸில் தூங்கிவிழாமல் உட்கார்ந்திருந்தேன்.
மூன்றாம் கியருக்கு மாறும்போதெல்லாம்
அடியில் எங்கோ ஒரு சின்ன இடறல்.
டிரைவருக்குத் தெரிந்திருக்கும்.
இறங்கும்போது
எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.