பூச்சு வேலை நிலுவை

மேலப்பாளையம்,
கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கட்டடம்.
1974 முதல் பதிவேட்டில் ஒரே வரி:
‘கட்டுமானம் முடியவில்லை. பூச்சு வேலை நிலுவை.’
ஆகவே பாதி வரி.

ஐம்பது வருசமா எவன்மா பூசாம இருப்பான்,
நேர்ல பாத்து எழுதிட்டு வா, என்றார் ஆர்.ஓ.
டேப்பும் டேப்லெட்டுமாகப் போனேன்.
சித்திரை வெயிலில் ஸ்கூட்டி சீட்டு தோசைக்கல்.

முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது:
அணைக்கட்டில் ஒரு துண்டை வெட்டி
தெருவில் இறக்கிவைத்து
எடுத்துப்போக மறந்த மாதிரி.
பெயின்ட் இல்லை.
கோயில் மதிலுக்கே காவிப்பட்டை அடிக்கிற சீமையில்
ஒன்றும் உடுத்தாமல் நிற்கிற
சாம்பல்.

கிட்டே போனால், சுவரில் மரம்.
நார் நாராய், கணுக் கணுவாய்
பலகையின் ரேகையெல்லாம் கான்கிரீட்டில் இறங்கியிருக்கிறது.
பலகை எப்போதோ அடுப்புக்குப் போயிருக்கும்.
அதன்மேல் சாய்ந்திருந்த ஈரம்
கல்லாகி நிற்கிறது.

கோப்பில் கடிதங்கள் இருந்தன.
கட்டியவர் தாவீது பொன்னையா, ஆர்க்கிடெக்ட், நாசரேத்துக்காரர்.
சண்டிகரில் மூன்று கோடை சாரத்தடியில் படுத்துக் கிடந்து
வெறுங்கான்கிரீட்டைப் படித்துக்கொண்டு வந்தவர்.
நகராட்சி கேட்கிறது: பூச்சு வேலை எப்போது முடியும்?
அவர் எழுதுகிறார்:
‘ஐயா, வேலை முடிந்துவிட்டது. இதுதான் முகம்.’
அடுத்த வருடம்: பூச்சு வேலை எப்போது முடியும்?
‘ஐயா, பலவேசம் ஆசாரி முந்நூற்றுப் பத்துப் பலகையையும்
ஒவ்வொன்றாய்த் தட்டிக் கேட்டு அடுக்கினார்.
தாழையூத்து சிமென்ட். ஆற்று மணல்.
மறைக்க என்ன இருக்கிறது?’
அதற்கடுத்த வருடமும் அதே கேள்வி, சைக்ளோஸ்டைலில்.
1981இல் கடைசிக் கடிதம், ஒரே வரி:
‘தப்பு நடந்த இடத்தைக்கூட நான் மூடவில்லை.’

அந்த இடத்தைத் தேடினேன்.
மாடிப்படிக்குக் கீழே, வடக்கு மூலை.
வைப்ரேட்டர் நின்றுபோன ராத்திரியாக இருக்கும்,
சாந்து இறங்காமல் ஜல்லி பல்லிளிக்கிறது.
சைட்டில் இதைத் தேன்கூடு என்பார்கள்.
உள்ளே நிஜமாகவே
கொசுத்தேனீ கட்டியிருந்தது.

செயலாளர் மைதீன்பிச்சை சர்பத் வாங்கித் தந்தார்.
ஆழமான ஜன்னல்கள். வெயில்
முழங்கை அளவு நுழைந்து திரும்பிப் போனது.
‘பகல்ல சொகம். ராத்திரி
குடிச்ச வெயிலையெல்லாம் கக்கும், ஆளு படுக்க முடியாது.’
அப்புறம் குரலை இறக்கி:
‘முடிஞ்சதுன்னு எழுதிட்டியன்னா வரி ரெட்டிப்பு.
சங்கத்துல அவ்வளவு கெடையாதும்மா.
இடிச்சிட்டு காம்ப்ளெக்ஸ் கட்டணும்னு
ஒருத்தன் அட்வான்ஸோட சுத்துதான்.
இது முடியாம நின்னதாலதான் இன்னைக்கும் நிக்கி.’

டேப்லெட்டில் இரண்டே கட்டம்.
முடிந்தது.
முடியவில்லை.
மூன்றாவதாக ஒன்றை
யாரும் யோசிக்கவில்லை.

விரலை எடுத்துச் சுவரில் வைத்தேன்.
பலகையும் பலகையும் சேர்கிற இடத்தில்
சிமென்ட் பால் கசிந்து உறைந்த கோடு.
உரசித் தேய்த்திருக்கலாம். தேய்க்கவில்லை அந்த மனுஷன்.
விரல் நுனியில் சின்னதாய்க் கீறல்.

அதே விரலால்
முடியவில்லை என்பதைத் தொட்டேன்.
காரணம்? என்றது.
பூச்சு வேலை நிலுவை என்று அடித்தேன்,
எழுத்துப் பிழை இல்லாமல்.

பொன்னையா சார்,
ஐம்பது வருடத்தில் உங்கள் சுவர்மேல் ஏறிய
முதல் பூச்சு இது. என் கைவேலை.
மெல்லிசுதான்.
ஐப்பசி மழைக்கு நிற்குமா, தெரியவில்லை.

வண்டியை எடுக்கும்போது ஆர்.ஓ. போன்:
என்னம்மா, பூசிட்டானுவளா?
இல்ல சார், என்றேன்.
இன்னும் இல்ல.